பீச் பழத்தின் விலை

சினிமாப் படம் முடிந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து ஓடுகிற கூட்டத்தில் நான் சேர்ந்தவன் அல்ல. கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலை முழுவதும் படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். கதை எழுதியவன் பெயரை எத்தனை சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதில் எனக்கு ஓர் அற்ப ஆசை. தொழில் பாசம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இப்படிக் காத்திருந்து பார்த்த அமெரிக்கப் படங்கள் பலவற்றில், கதாசிரியன் பெயரும் போய், விளக்குப் பிடித்தவர் பெயரும் போய், எல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு பழம் தோன்றுவதைக் கண்டேன். பீச் பழம். கூடவே, 'ஜார்ஜியாவில் எடுக்கப்பட்டது' என்று ஓர் அறிவிப்பு. பழக்கடைக்காரர் யாராவது விளம்பரம் கொடுத்திருக்கிறாரோ என்று நினைத்தேன். எங்கள் தெருவில் இருக்கும் ஆடிட்டர் ஐயாவிடம் கேட்டபோது அவர் சிரித்தார். எழுபது வயதைத் தாண்டியவர். மகன் அட்லாண்டாவில் இருப்பதால் வருஷத்தில் மூன்று மாதம் அங்கே போய்க் குளிரிலும் பேரக் குழந்தைகளிலும் கழித்துவிட்டு வருவார்.

"தம்பி, அந்தப் பழத்துக்கு என்ன விலை தெரியுமா? படச் செலவில் நூற்றுக்குப் பத்து!" என்றார்.

அவர் சொன்னது வேடிக்கை அல்ல. அமெரிக்காவில் ஜார்ஜியா என்ற மாநிலம் 2008ஆம் ஆண்டு முதல் ஒரு சலுகை கொடுத்து வருகிறது. அந்த மாநிலத்தில் 5 லட்சம் டாலருக்குக் குறையாமல் செலவு செய்து படம் எடுத்தால், செலவில் 20 சதவிகிதத்தை மாநில வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். படத்தின் கடைசியில் அந்தப் பழத்தைக் காட்டி மாநிலத்துக்கு விளம்பரம் செய்தால் இன்னும் 10 சதவிகிதம். ஆக, 1 கோடி டாலர் செலவழித்தவருக்கு 30 லட்சம் டாலர்.

"வரியில் கழித்துக்கொள்வது என்றால் அந்தப் படக் கம்பெனி ஜார்ஜியாவுக்கு 30 லட்சம் டாலர் வரி கட்ட வேண்டியிருக்குமா?" என்று கேட்டேன்.

"அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்!" என்றார் ஆடிட்டர்.

படக் கம்பெனியின் வீடு வாசல் எல்லாம் கலிபோர்னியாவில். ஜார்ஜியாவுக்கு அது கட்ட வேண்டிய வரி சொற்பம். பல சமயம் ஒன்றுமே இல்லை. வரியே இல்லாதவனுக்கு வரிக் கழிவு எதற்கு? பல் இல்லாதவனுக்குப் பட்டாணி கொடுத்த கதைதான். ஆனால் சட்டம் அவனுக்கு ஒரு வழி செய்து கொடுத்திருக்கிறது. அந்தக் கழிவை அவன் விற்கலாம். ஜார்ஜியாவில் நிறைய வரி கட்ட வேண்டிய ஒரு கம்பெனியோ, பெரிய பணக்காரரோ அதை டாலருக்குப் பத்துக் காசு குறைவாக வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 27 லட்சம் டாலர் ரொக்கமாகப் படக் கம்பெனிக்குப் போகும். வாங்கியவர் 30 லட்சம் டாலர் வரியைக் கட்டாமல் விட்டு, 3 லட்சத்தை லாபமாக மடியில் கட்டிக்கொள்வார். கஜானாவுக்கு நஷ்டம் முழுசாக 30 லட்சம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இன்னும் சௌகரியம். அங்கே வாங்க ஆள் தேடி அலையக்கூட வேண்டாம். சர்க்காரே நூற்றுக்குத் தொண்ணூறு என்று பணம் கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

இவ்வாறு ஜார்ஜியா ஒரு வருஷத்தில் 100 கோடி டாலருக்கு மேல் கொடுத்ததுண்டு. நம் பணத்தில் 8,000 கோடி ரூபாய்க்கு மேல்!

சினிமாத் தொழிலுக்கு உதவி செய்வது சரியா தப்பா என்பது தனி வழக்கு. என் சண்டை அதைப் பற்றியது அல்ல. இந்த 8,000 கோடியில் எந்தப் படத்துக்கு எவ்வளவு போயிற்று என்று ஜார்ஜியாவில் வரி கட்டுகிற ஒரு தச்சர் கேட்டால், அந்த மாநிலத்து வரி இலாகா என்ன பதில் சொல்லி வந்திருக்கிறது தெரியுமா? "சொல்ல மாட்டோம். அது வரி செலுத்துவோரின் ரகசியம்."

நான் கை ஓங்குவது இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான்.

*

ஆடிட்டர் ஐயா என் பக்கம் சேரவில்லை. நாற்பது வருஷம் பிறர் கணக்கைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்த மனிதர் அவர். ரகசியம் காப்பது அவருக்கு மதம் மாதிரி.

"தம்பி, ஒருவன் வருமானத்தை ஊருக்குச் சொல்வது பெரிய பாவம். நாளைக்கு உங்கள் கணக்கை நான் தெருவில் படிக்கலாமா?" என்று கேட்டார்.

படிக்கக்கூடாதுதான். என் கணக்கைப் படித்தால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும் என்றாலும் படிக்கக்கூடாது. அவர் கட்சியில் நியாயம் இருக்கிறது, சரித்திரமும் இருக்கிறது. 1924இல் அமெரிக்க சர்க்கார் ஒரு சட்டம் செய்து, யார் எவ்வளவு வருமான வரி கட்டினார்கள் என்பதைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்று வைத்தது. உடனே பத்திரிகைகள் பெயரும் தொகையுமாகப் பத்தி பத்தியாக அச்சிட்டன. இளைய ராக்ஃபெல்லர் 60 லட்சம் டாலருக்கு மேல் கட்டினார் என்பதை டீக்கடையில் உட்கார்ந்தவன்கூடத் தெரிந்துகொண்டான். கூச்சல் எழுந்தது. 1926இல் அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள். பிறகு ஜனாதிபதி நிக்சன் காலத்தில், அரசியல் விரோதிகளை வரிக் கணக்கைக் கொண்டு மடக்க முயன்ற விஷயம் வெளியாயிற்று. அதன் பயனாக 1976இல், வரிக் கணக்கு ரகசியமானது என்று அழுத்தந்திருத்தமாக மத்திய சட்டம் எழுதினார்கள். மாநிலங்களுக்கும் அவற்றின் சொந்தச் சட்டங்களில் இதே மாதிரி காப்பு உண்டு.

இந்தக் காப்பு நல்லது. குடிமகன் தன் வீட்டு வரவு செலவை, வியாதிக்கு ஆன செலவை, கடனை எல்லாம் சர்க்காரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டுமானால், சர்க்கார் அதை வெளியே விடாது என்ற நம்பிக்கை வேண்டும். அதற்காகப் போட்ட பூட்டு அது.

ஆனால், ஐயா, எதைப் பூட்டி வைக்கப் போட்ட பூட்டு? குடிமகன் சர்க்காருக்குக் *கொடுத்த* விவரத்தை. சர்க்கார் ஒருவனுக்கு *எடுத்துக் கொடுத்த* பணத்தை அல்லவே! கோயிலில் அர்ச்சனைத் தட்டில் யார் எவ்வளவு போட்டார்கள் என்று எட்டிப் பார்ப்பது அநாகரிகம். ஆனால் கோயில் உண்டியலிலிருந்து யாருக்கு எவ்வளவு எடுத்துக் கொடுத்தாய் என்று தர்மகர்த்தாவைக் கேட்பது பக்தனின் உரிமை. இரண்டும் ஒரே தட்டு, ஒரே காசு என்று சொல்லித் தர்மகர்த்தா தப்பித்துக்கொள்ள முடியுமா?

படக் கம்பெனி இங்கே வரி செலுத்துவோர் அல்ல, வரி பெறுவோர். வரியே கட்டாத ஒருவருக்குப் பிறர் கட்ட வேண்டிய வரியைத் திருப்பிவிட்டு, 'வரி செலுத்துவோர்' என்று பட்டம் சூட்டி, அந்தப் பட்டத்தை வைத்தே வாயைக் கட்டுகிறார்கள். இதே பணத்தைச் சர்க்கார் காசோலையாக எழுதிக் கொடுத்திருந்தால் அது செலவுக் கணக்கில் ஏறும். சட்டசபையில் வருஷந்தோறும் வாக்கெடுப்பு நடக்கும். பெற்றவர் பெயர் வெளியாகும். அமெரிக்காவில் சர்க்கார் மானியம் பெறும் விவசாயிகளின் பெயரும் தொகையும் வெளியாகத்தான் செய்கின்றன. சோளம் விதைத்தவன் வாங்கினால் மானியம், சோளக்காட்டில் சண்டைக் காட்சி எடுத்தவன் வாங்கினால் ரகசியம்! இது எந்த ஊர் நியாயம்?

*

இருட்டில் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

அயோவா என்று ஒரு மாநிலம். சோளமும் பன்றியும் விளையும் பூமி. அதற்கும் சினிமா ஆசை வந்தது. 2007இல் தாராளமாகச் சலுகை அறிவித்தது. 2009 செப்டம்பரில் பார்த்தால், படச் செலவு என்ற பெயரில் சொந்த உபயோகத்துக்கு உயர்ந்த ரக மோட்டார் கார்கள் வாங்கிச் சலுகை கேட்டிருப்பது தெரிந்தது. கவர்னர் திட்டத்தையே நிறுத்தி வைத்தார். மறு வருஷம் மாநிலத் தணிக்கையாளர் அறிக்கை வெளியிட்டார்: கொடுக்கப்பட்ட சலுகையில் ஏறத்தாழ 80 சதவிகிதம் முறைப்படி கொடுக்கப்பட்டதல்ல! நூற்றுக்கு இருபதுதான் ஒழுங்கு. எந்தப் பள்ளிக்கூடத்திலும் இருபது மார்க்குக்குத் தேர்ச்சி கிடையாது.

மாசசூசெட்ஸில் ஒரு படாதிபதி, தம் படத்தில் நடித்த பிரபல நடிகருக்கு 25 லட்சம் டாலர் சம்பளம் கொடுத்ததாகக் கணக்கு எழுதினார். உண்மையில் கொடுத்தது 4 லட்சம். இல்லாத 21 லட்சத்துக்கும் சர்க்கார் 25 சதவிகிதம் படியளந்தது. 2012இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். நானும் கதை எழுதுகிறவன்தான். ஆனால் ஒரு வரிக் கற்பனைக்கு இத்தனை சன்மானம் எனக்கு எந்தப் பத்திரிகையும் கொடுத்ததில்லை.

ஜார்ஜியாவிலும் 2020இல் மாநிலத் தணிக்கைத் துறை சொன்னது இதுதான்: தகுதி இல்லாதவர்களுக்கும், தகுதிக்கு மேலாகவும் சலுகை போயிருக்கிறது. அதன் பிறகுதான் ஒவ்வொரு படக் கணக்கையும் கட்டாயமாகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. பன்னிரண்டு வருஷம் கொடுத்த பிறகு!

"பெயரையும் தொகையையும் அச்சடித்துவிட்டால் திருட்டு நின்றுவிடுமா?" என்று ஆடிட்டர் கேட்டார்.

நிற்காது. தெருவிளக்கு போட்டால் திருடன் சந்நியாசி ஆகிவிடுவதில்லை. ஆனால் விளக்கு இருந்தால் திண்ணையில் படுத்திருக்கும் கிழவர்கூடக் காவல்காரர் ஆகிவிடுகிறார். ஒரு சிறிய ஊரில் மூன்று வாரம் படம் எடுத்தார்கள் என்றால், மரம் அறுத்தவனுக்குத் தெரியும், சோறு போட்ட ஓட்டல்காரனுக்குத் தெரியும், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை செலவழித்தார்கள் என்று. 'இந்தப் படத்துக்கு இத்தனை கோடி' என்று அவர்கள் பத்திரிகையில் படித்தால், 'என்னடா இது, கணக்கு உதைக்கிறதே!' என்று ஒருவனாவது கேட்பான். ரகசியம் என்பது அந்த ஒருவனின் வாயை அடைக்கும் துணி. ஆபீஸில் இருக்கும் இரண்டு குமாஸ்தாக்களை மட்டும் சாட்சியாக வைத்துக்கொண்டு நடக்கும் கல்யாணம் அது.

*

அடுத்த வாதம் வியாபார ரகசியம். எவ்வளவு சலுகை என்று தெரிந்தால் எவ்வளவு செலவு என்று போட்டியாளன் கணக்குப் போட்டுவிடுவானாம். படக் கம்பெனிகள் மனம் நொந்து வேறு தேசம் போய்விடுமாம்.

எங்கே போகும்? பிரிட்டனுக்கா? அங்கேயும் சலுகை உண்டு. ஆனால் சலுகை கேட்கும் ஒவ்வொரு படத்தையும் அங்கே பதிவான ஒரு கம்பெனி நடத்த வேண்டும். அதன் கணக்கை மற்றக் கம்பெனிகளைப் போலப் பொதுப் பதிவேட்டில் கொடுக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். ஹாலிவுட்டின் பிரம்மாண்டமான படங்களுக்கு ஆன செலவும் பெற்ற சலுகையும் இந்தக் கணக்குகளின் மூலம்தான் உலகத்துக்குத் தெரிந்தன. அதற்காக அந்தக் கம்பெனிகள் பிரிட்டனை விட்டு ஓடிவிடவில்லை; 'ஸ்டார் வார்ஸ்' படங்களை அங்கேதான் எடுத்தார்கள். லண்டனில் சொன்னால் உடையாத ரகசியம் அட்லாண்டாவில் சொன்னால் உடைந்துவிடுமா?

கலிபோர்னியாவே, ஹாலிவுட்டின் தாய் வீடே, எந்தப் படத்துக்கு எவ்வளவு ஒதுக்கினோம் என்று பட்டியல் போடுகிறது. மாசசூசெட்ஸ் 2010இல் சட்டம் செய்து, விற்கவோ பணமாக மாற்றவோ கூடிய வரிக் கழிவைப் பெறுகிறவர்களின் பெயரும் தொகையும் வருஷந்தோறும் வெளியிடப்பட வேண்டும் என்று வைத்தது. ரகசியக் காப்பைத் தூக்கி எறியவில்லை. காப்பு எதற்கு, எதற்கு அல்ல என்று கோடு போட்டது, அவ்வளவுதான். படக்காரர்கள் மூட்டை கட்டினார்களா? 2021இல் அதே மாநிலம் தன் சலுகையைக் காலவரை இல்லாமல் நீட்டிக் கொடுத்திருக்கிறது. படம் எடுப்போர் வெளிச்சத்துக்குப் பயந்து ஓடினார்கள் என்றால் யாருக்காக நீட்டினார்கள்?

அந்த மாநிலத்து வரி இலாகா தன் கணக்கைத் தானே ஆராய்ந்து வெளியிட்ட முடிவையும் சொல்லிவிடுகிறேன். கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் கஜானாவுக்கு வரியாகத் திரும்பி வந்தது சுமார் 13 காசு. உள்ளூர்க்காரர் ஒருவருக்குப் புதிதாக ஒரு வேலை கிடைக்க ஆன செலவு 1 லட்சம் டாலருக்கு மேல். இதைத் தெரிந்துகொண்டும், 'பரவாயில்லை, எங்களுக்குச் சினிமா வேண்டும்' என்று ஜனங்கள் தீர்மானித்தால் அது அவர்கள் இஷ்டம். வீட்டில் சாப்பாட்டுக்கு இல்லாவிட்டாலும் கடன் வாங்கித் தீபாவளிப் பட்டாசு வெடிக்கிற குடும்பம் உண்டு. ஆனால் பட்டாசு விலையைக் குடும்பத்துக்குச் சொல்லாமல் வெடிக்கக்கூடாது.

விலை தெரியாமல் வெடித்தால் என்ன ஆகும் என்பதற்கு மிச்சிகன் சாட்சி. 2008இல் அந்த மாநிலம் 42 சதவிகிதம் வரை கொடுக்கிறேன் என்று கிளம்பியது. பாண்டியாக் என்ற ஊரில், மூடிக் கிடந்த மோட்டார் கார் கம்பெனி இடத்தில் ஒரு ஸ்டூடியோ எழுந்தது. அதன் 1 கோடியே 80 லட்சம் டாலர் கடன் பத்திரத்துக்கு ஜாமீன் நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? மாநில ஊழியர்கள், பள்ளி ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி! 2012இல் ஸ்டூடியோ தவணை கட்டத் தவறியது, நிதி கட்டியது. 2015இல் சலுகைத் திட்டத்தையே மூடினார்கள். வாத்தியார் பணத்தில் சினிமா எடுப்பது நம் ஊர்க் கதைகளில்தான் நடக்கும் என்று இதுநாள் வரை நினைத்திருந்தேன்.

*

'அமெரிக்காக்காரன் பணம், அவன் பாடு, உனக்கு என்ன?' என்று வாசகர்களில் சிலர் கேட்கலாம். எனக்கு உறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நானும் அந்த விருந்தில் கை நனைத்தவன்.

2006இல் நம் தமிழ்நாட்டு சர்க்கார், தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி கிடையாது என்று அறிவித்தது. உடனே படங்களின் பெயர்களெல்லாம் தமிழ் படிக்கத் தொடங்கின. 'சம்திங் சம்திங் உனக்கும் எனக்கும்' என்று இருந்த ஒரு படம் 'சம்திங்' இரண்டையும் உதறிவிட்டு 'உனக்கும் எனக்கும்' ஆயிற்று. 2011இல் நிபந்தனைகளைக் கூட்டினார்கள்: 'யு' சான்றிதழ் வேண்டும், தமிழ்ப் பண்பாடு வேண்டும் என்று. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த ஏற்பாடு முடிந்தது.

அந்தக் காலத்தில் என் கதை ஒன்றும் படமாயிற்று. ஆங்கிலத்தில் வைத்திருந்த பெயரைத் தயாரிப்பாளர் ஒரே ராத்திரியில் தமிழாக்கிவிட்டார். அந்தத் தமிழ்ப் பெயரை எழுதிக் கொடுத்தவன் நான். அதற்குத் தனியாக ஒரு கவர் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். பிறகு ஒரு நாள் காபி சாப்பிடும்போது, "சலுகையால் உங்களுக்கு எவ்வளவு கிடைத்தது?" என்று கேட்டேன். "அது நமக்குள் இருக்கட்டும் சார்" என்றார். நமக்குள் என்று அவர் சொன்னதில் நான் சேர்த்தியில்லை. எனக்கும் அவர் சொல்லவில்லை. கொட்டகையில் நான் கொடுத்த டிக்கெட் பணம் மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

எந்தப் படத்துக்கு விலக்கு என்பது நமக்குத் தெரியும், விளம்பரத்திலேயே போட்டார்கள். ஆனால் 'இந்தப் படத்தால் கஜானா விட்டுக்கொடுத்தது இத்தனை' என்று ஒரு தொகையை எந்தப் பத்திரிகையிலும் நான் படித்ததில்லை. நானும் கேட்கவில்லை. கவர் வாங்கியவன் எப்படிக் கேட்பான்? ரகசியத்தின் பலமே இதுதான். அது கொடுத்தவனையும் வாங்கியவனையும் மட்டும் காப்பதில்லை. பக்கத்தில் நின்று சில்லறை பொறுக்கியவன் வாயையும் தைத்துவிடுகிறது.

இதே நாட்டில் 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தை நினைத்துப் பாருங்கள். மண் சுமந்த கிழவிக்கு எத்தனை நாள் வேலை, எத்தனை ரூபாய் கூலி என்பது ஊரறிய வேண்டும், கிராம சபையில் படிக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். பொதுப் பணம் என்பதால் அது சரியான விதி. ஓர் எழுத்தாளனுக்கு சாகித்ய அகாதெமி 1 லட்சம் ரூபாய் கொடுத்தால் மறுநாள் காலையில் பால்காரருக்குத் தெரிகிறது. அதுவும் சரி. கிழவியின் கூலியும் எழுத்தாளனின் பரிசும் ஊருக்குத் தெரியலாம். கோடிக் கணக்கில் வாங்கும் படக் கம்பெனிக்கு மட்டும் கோஷா முக்காடா?

நான் கேட்பது அதிகம் இல்லை. கம்பெனியின் லாப நஷ்டத்தைக் காட்ட வேண்டாம். நடிகையின் வருமான வரிக் கணக்கைக் காட்ட வேண்டாம். மூன்றே மூன்று விஷயம்: சலுகை பெற்ற படத்தின் பெயர், பெற்ற தொகை, விற்றிருந்தால் வாங்கியவர் பெயர். இதைச் சொல்லச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சலுகையை வாங்கிக்கொள்ளட்டும். சம்மதம் இல்லையா? தாராளமாகச் சொந்தப் பணத்தில் படம் எடுத்து, ரகசியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்ளட்டும். அந்தப் பூட்டைத் தொட எனக்கு உரிமை இல்லை.

இதை எழுதி முடித்து ஆடிட்டர் ஐயாவிடம் படித்துக் காட்டினேன். வெகு நேரம் பேசாமல் இருந்தார்.

"என் மகன் அந்த ஊரில் பத்து வருஷமாக வரி கட்டுகிறான், தம்பி. அந்தப் பழத்தில் அவன் பங்கு எவ்வளவு என்று அவனுக்கே தெரியாது" என்றார் கடைசியில்.

அடுத்த முறை அந்தப் பழம் திரையில் வரும்போது உட்கார்ந்து பாருங்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். விலைச் சீட்டை மட்டும் கிழித்து எடுத்திருப்பார்கள்.